மதலை

அமராவதிப் பாசனத்தில் வாழை வைக்கும் எங்கள் தாராபுரத்துக் குடியானவர்கள், குலை தள்ளிய மரத்துக்கு முட்டுக் கொடுக்காமல் ஆடிக்காற்றை எதிர்கொள்வதில்லை. ஓராண்டுப் பயிருக்கு இத்தனை பரிவு காட்டும் நாம், பாட்டன் காலத்துப் புளியமரம் சாலையோரம் சாய்ந்தால் மட்டும் கோடரியைத் தேடுகிறோம். சாயும் மரத்தைத் தாங்கலாம் என்ற எண்ணம் நமக்குப் புதிதன்று.

நாலடியாரின் தாளாண்மை அதிகாரத்தில் ஓர் ஆலமரம் வருகிறது. கறையான் அரித்த அம்மரத்தை அதன் விழுதே ஊன்றித் தாங்குகிறது. தளர்ந்த தந்தையை மகன் தாங்குவதற்கு அது உவமை. விழுதைக் குறிக்க அங்கே ஆளப்படும் சொல் 'மதலை'. தூண் என்பது உரைகாரர் கொள்ளும் பொருள். அச்சொல்லுக்கு மகவு என்ற பொருளும் உண்டு என்பதை வகுப்பில் சொல்லாமல் நம்மால் அப்பாடலைக் கடக்க முடிவதில்லை.

இவ்வுவமை கண்முன் நிகழ்ந்த இடம் தெலங்கானாவின் மகபூப்நகர். அங்குள்ள பழம்பெரும் ஆலின் பெயர் பில்லலமர்ரி. தெலுங்கில் 'பிள்ளைகளின் ஆல்' என்று பொருள். கறையான் அரித்து 2017 டிசம்பரில் அதன் பெருங்கிளை ஒன்று விழுந்தது. 2018இல், நோயாளிக்கு ஏற்றுவதுபோல் மரத்துக்குள் சொட்டுச் சொட்டாகப் பூச்சிமருந்து செலுத்தினர். சாயும் கிளைகளுக்குக் கீழே தாங்கல்கள் கட்டினர். ஸ்ரீ சத்ய சாய் மாவட்டத்துத் திம்மம்மா ஆலில் இன்னும் நுட்பமான ஏற்பாடு உண்டு. இளவிழுதுகளை மண் நிரப்பிய மூங்கிலுக்குள் விட்டுத் தரைக்கு இறக்குகிறார்கள். மதலையை வளர்த்தெடுப்பது என்பது இதுதான் போலும்! ஹவுரா தாவரவியல் பூங்காவின் பேராலுக்கு 1925இல் அடிமரமே அகற்றப்பட்டது. அடையாற்று ஆலின் அடிமரம் 1989இல் காற்றில் வீழ்ந்தது. விழுதுகளால் இரண்டும் வாழ்கின்றன.

புளிக்கும் வேம்புக்கும் விழுது இல்லையே? அவற்றுக்குத்தான் வடம். அமெரிக்காவில் மரம் பேணுதலைத் தொழிலாக வளர்த்த ஜான் டேவி, 'மர மருத்துவர்' எனப் பொருள்படும் தம் நூலை 1901இல் வெளியிட்டார். அந்த வழியில் வந்தவர்கள் பிளவுபடும் கவையின் இரு கிளைகளையும் எஃகு வடத்தால் இணைக்கிறார்கள். கவைக்கும் கிளை நுனிக்கும் இடையே ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு உயரத்தில் வடம் அமையும். கிளையைச் சுற்றிக் கட்டினால் மரம் பருக்கும்போது பட்டை நெரிந்து, உணவு இறங்கும் வழி அடைபடும். ஆகவே திருகாணியைக் கிளைக்குள் ஊடுருவச் செலுத்தி அதில் வடத்தைப் பூட்டுவர். துளையிடுவது காயம்தான், ஆயினும் சிறு காயம். வடம் அழுகலைக் குணமாக்குவதில்லை. கட்டிவிட்டு மறப்பதற்கும் இல்லை, காலந்தோறும் ஏறிப் பார்க்க வேண்டும்.

எல்லா மரத்தையும் காக்க முடியும் என்று நாம் வாதிடவில்லை. வழிப்போக்கர் தலைமேல் கிளை விழுந்தால் நாலடியார் துணைக்கு வராது. சாலையோரப் புளிக்கு வடம் போதுமா, கிளையைக் குறைத்தால் போதுமா, மரத்தையே எடுத்தாக வேண்டுமா என்று கவையைப் பார்த்துச் சொல்லத் தெரிந்த ஒருவர், கோடரிக்கு முன்னால் வரவேண்டும் என்றே கேட்கிறோம்.