சைக்கிள் சீட்டை ஏத்துறதா, இறக்குறதா? - ஒரு குட்டி வரலாறு

திருவொற்றியூர்னு சொன்னா யாருக்கும் சைக்கிள் ஞாபகம் வராது. வடிவுடையம்மன் கோயில் வரும், விம்கோ தீப்பெட்டி வரும், 1946ல் ஒரு கொட்டகையில பலூன் செய்ய ஆரம்பிச்ச எம்.ஆர்.எஃப். வரும். எல்லாத்துக்கும் மேல புல்லட் வரும். ஆனா அந்த புல்லட்டோட பூர்வீகத்தைத் தோண்டிக்கிட்டே போனா கடைசியில கையில அகப்படுறது ஒரு சைக்கிள் சீட்!

இங்கிலாந்துல ரெட்டிச்னு ஒரு ஊர். ஊசிக்குப் பேர் போன ஊர். அங்கே ஜார்ஜ் டவுன்செண்ட் என்பவர் 1851ல் ஊசி ஆலை ஆரம்பிச்சார். அவர் மகன் காலத்துல, 1880கள்ல, சைக்கிள் மோகம் தலைக்கேறின நேரத்துல, ஆலை சைக்கிள் சாமான் பக்கம் திரும்புச்சு. சொந்தப் பேர் போட்டு அவங்க வித்த ஆரம்பகாலச் சரக்குகள்ல ஒண்ணு சைக்கிள் சீட்டும் அதுக்கு அடியில வைக்கிற ஸ்பிரிங்கும்தான். அப்புறம்தான் முழு சைக்கிள். 1891ல் ஆல்பர்ட் ஈடி, ஆர்.டபிள்யூ. ஸ்மித் என்ற ரெண்டு பேர் கைக்கு கம்பெனி போச்சு. என்ஃபீல்டுங்கிற ஊர்ல இருந்த அரசாங்கத் துப்பாக்கி ஆலைக்கு பாகங்கள் செய்யும் ஆர்டர் கிடைச்சதால 1893ல் 'ராயல் என்ஃபீல்டு'ன்னு பேர் வந்துச்சு. 1901ல் மோட்டார் சைக்கிள். 1955ல் மெட்ராஸ் மோட்டார்ஸோட கூட்டு சேர்ந்து திருவொற்றியூர்ல என்ஃபீல்டு இந்தியா. தாய்க்கம்பெனி 1970களின் ஆரம்பத்துக்குள்ள மூடிட்டுப் போயிடுச்சு, பிள்ளை மட்டும் நம்ம ஊர்ல நின்னு பிழைச்சுக்கிட்டது.

(ஒரு இடைச்செருகல்: அதே ஈடியோட இன்னொரு கம்பெனியை 1907ல் வாங்கினது பி.எஸ்.ஏ. அந்த பி.எஸ்.ஏ. பேர்லயும் ஹெர்குலிஸ் பேர்லயும் சைக்கிள் செஞ்சது, 1949ல் முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் ட்யூப் இன்வெஸ்ட்மென்ட்ஸும் சேர்ந்து தொடங்கின அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸ். ஆக அம்பத்தூரும் திருவொற்றியூரும் ஒரு வகையில பங்காளிங்க :-) )

சரி, இவ்வளவு பழங்கதை எதுக்குன்னா, எண்ணூர் பக்கம் இருக்கிற நண்பர் ஒருத்தர் மலைச் சைக்கிள் வாங்கியிருக்கார். அதுக்கு டிராப்பர் சீட்போஸ்ட் போடணும், எதைப் போடலாம்னு கேட்டார். தெரியாதவங்களுக்கு: சீட்டைத் தாங்கி நிக்குற குழாய்தான் சீட்போஸ்ட். அது டிராப்பரா இருந்தா ஹேண்டில்பார்ல கட்டை விரலுக்குப் பக்கத்துல ஒரு நெம்புகோல் இருக்கும். அதை அமுக்கிக்கிட்டு உட்கார்ந்தா சீட் கீழே இறங்கும். உட்காராம அமுக்கினா உள்ளே இருக்கிற காற்றழுத்தம் சீட்டை மேலே தள்ளிடும். ஓடும் சைக்கிள்லயே செய்யலாம். ஸ்பேனர் வேண்டாம், இறங்க வேண்டாம்.

கேட்க விளையாட்டு சாமான் மாதிரி இருக்கும். ஆனா இது தீர்க்குற சிக்கலுக்கு வயசு 140க்கு மேல.

முன் சக்கரம் ராட்சச சைஸ்ல இருக்கிற அந்தக் காலத்து உயர சைக்கிளைப் படத்துல பார்த்திருப்பீங்க. அதுல சீட்டை ஏத்தி இறக்குற பேச்சே கிடையாது. பெடல் நேரா சக்கரத்துலயே இருக்கும், அதனால உங்க கால் நீளத்துக்கு ஏத்த சக்கரத்தைத்தான் வாங்கணும். நெட்டையானவருக்குப் பெரிய சக்கரம், குட்டையானவருக்குச் சின்ன சக்கரம். உட்காருற இடம் சக்கரத்து உச்சியில. ஒரு கல்லு தடுக்கினா ஆள் அப்படியே முன்னாடி தலைகுப்புற. செத்தவங்களும் உண்டு. 1885ல் ஜான் கெம்ப் ஸ்டார்லி ரோவர் சைக்கிளைக் கொண்டு வந்தார். ரெண்டு சக்கரமும் கிட்டத்தட்ட ஒரே அளவு, பின் சக்கரத்துக்குச் செயின். சீட் தரைக்குப் பக்கத்துல வந்தது. இந்த மாதிரி சைக்கிள்லதான் சக்கரம் வேற, கால் நீளம் வேறன்னு பிரிஞ்சு, குழாய்க்குள்ள சொருகி ஏத்தி இறக்குற சீட் கம்பிக்கு வேலை வந்தது.

அங்கேயே சண்டையும் ஆரம்பிச்சது. கணக்கு போட்டுக் காட்டறேன். கவட்டையிலிருந்து தரை வரைக்கும் உங்க கால் 80 செ.மீ. பந்தய வீரர்கள் ரொம்ப காலமா வச்சிருக்கிற கணக்குப்படி அதை 0.883ஆல பெருக்கணும். 70.6 செ.மீ. பெடல் அச்சிலிருந்து சீட் மேல் பாகம் வரைக்கும் அவ்வளவு உயரம் இருக்கணும். மலைச் சைக்கிள்ல அச்சு தரையிலிருந்து சுமார் 33 செ.மீ. மொத்தம் 103 செ.மீ.க்கு மேல! உங்க காலோ 80. சைக்கிளை ஒரு பக்கமா சாய்ச்சா நுனிவிரல் தொட்டா உண்டு. அதாவது மிதிக்கச் சரியான உயரம் நிக்கத் தப்பான உயரம், நிக்கச் சரியான உயரம் மிதிக்கத் தப்பான உயரம்.

வட சென்னைக்காரங்க இதுல எந்தப் பக்கம்? சந்தேகமே வேண்டாம், நிக்குற பக்கம்தான். அசோக் லேலண்ட், என்ஃபீல்டு, விம்கோ, துறைமுகம்னு ஷிஃப்ட்டுக்குப் போன ஜனம் ஓட்டினது 28 இஞ்ச் சக்கரம் போட்ட கறுப்பு சைக்கிள். ஃபிரேம் 22 இஞ்ச், இல்லேன்னா 24. அதுலயே சீட்டை அடி மட்டத்துக்கு இறக்கித்தான் ஓட்டுவாங்க. இறக்கியும் எட்டாத பசங்க பாருக்கு அடியில காலை விட்டு குரங்கு பெடல். 'நம்ம ஆளுங்களுக்கு சீட் உயரம் வைக்கத் தெரியாது'ன்னு விலை உயர்ந்த சைக்கிள்காரங்க கிண்டல் பண்றதைக் கேட்டிருக்கேன். எனக்கு அதுல உடன்பாடு இல்லை. டி.எச். ரோட்டுல முன்னால ஒரு கன்டெய்னர் டிரெய்லர், பக்கத்துல இன்னொண்ணு, ரெண்டும் எப்ப நகரும்னு தெரியாது. அந்த சந்துல சைக்கிள் நிக்கும்போது ரெண்டு காலும் தரையில பதியலேன்னா லேசா சாஞ்சாலே சக்கரத்துக்கு அடியில. ராயபுரத்துலேர்ந்து எண்ணூர் வரைக்கும் அப்படித் தினம் ஓட்டுறவனுக்கு சீட்டை இறக்கி வைக்கிறது அறியாமை இல்லை, உயிர் காப்பு.

ஆனா அதுக்கு விலையைக் கொடுத்தது முட்டி. சீட் தாழ்வா இருந்தா பெடல் மேலே வரும்போது முட்டி ரொம்ப மடங்கும், அந்த மடக்கத்துலயே அமுக்கணும், முட்டிச் சில்லு மேல பாரம் ஏறும். கேரியர்ல மூட்டையை வச்சுக்கிட்டு 30 வருஷம் இப்படி மிதிச்சா என்ன ஆகும்? 'வயசாச்சு, முட்டி போச்சு'ன்னு சொல்லிட்டுப் போயிடறோம். பாதி சீட் கம்பி செஞ்ச வேலையாகூட இருக்கலாம்ங்கிறது என் கட்சி.

இந்த ரெண்டுங்கெட்டான் நிலைக்கு வழி தேடினது மலைக்காரங்க. அமெரிக்காவுல கலிபோர்னியாவின் மரின் பகுதியில 1976லேர்ந்து 'ரீபேக்'னு ஒரு மண் பாதையில பழைய சைக்கிள்களை இறக்கத்துல விட்டுப் பந்தயம் நடந்தது. இறக்கத்துல சீட் உயரமா இருந்தா அது இடுப்பைப் பின்னாடி போக விடாது, ஆள் முன்னாடி பறப்பான். பழைய உயர சைக்கிள் கதைதான் மறுபடியும்! அந்தக் கூட்டத்துல இருந்த ஜோ பிரீஸ், ஜாஷ் ஏஞ்சல் ரெண்டு பேரும் 1980களின் நடுவுல 'ஹைட்-ரைட்'னு ஒரு ஸ்பிரிங் கொண்டு வந்தாங்க. சீட் கிளாம்பைக் கையால தளர்த்தி உட்கார்ந்தா இறங்கும், எழுந்தா ஸ்பிரிங் மேலே தூக்கும், மறுபடி இறுக்கணும். எளிமையான யோசனை, அழகான யோசனை. 2000களின் தொடக்கத்துல கிராவிட்டி டிராப்பர் போன்றவை கேபிளும் நெம்புகோலும் வச்சு வந்தன. 2010ல் ராக்‌ஷாக்ஸ் கம்பெனியின் ரிவெர்ப் ஹைட்ராலிக்ல வந்த பிறகு எல்லாரும் செய்ய ஆரம்பிச்சாங்க. 2022ல் மட்டேய் மொஹோரிச் மிலான் - சான் ரெமோ ரோடு பந்தயத்துலயே டிராப்பர் போட்டு, பொஜ்ஜோ இறக்கத்துல எல்லாரையும் விட்டு விலகி ஜெயிச்சார்.

நம்ம ஊர்ல ஹெர்குலிஸ் எம்.டி.பி. வந்தப்போ பட்டையான டயர்தான் மலை, மத்தபடி சீட் கிளாம்ப் அதே நட்டு போல்ட்டுதான். 2005ல் ஃபயர்ஃபாக்ஸ், 2011ல் டி.ஐ.யின் மோன்ட்ராவுக்குப் பிறகுதான் இந்த மாதிரி சாமான் பத்தின பேச்சு கடைகள்ல காதுல விழ ஆரம்பிச்சது.

இனி நண்பரோட கேள்வி. முதல்ல குழாயின் உள் விட்டம். 27.2, 30.9, 31.6, 34.9 மில்லிமீட்டர்னு நாலு அளவுதான் பெரும்பாலும். 27.2ன்னா தேர்வு குறைச்சல். பழைய சீட்போஸ்ட்டை உருவினா அதுலயே அளவு பொறிச்சிருக்கும். அடுத்தது, எவ்வளவு இறங்கணும்? இங்கேதான் காசு வீணாகும். சீட்டை மிதிக்கிற உயரத்துல வச்சு, கிளாம்பிலிருந்து சீட்டின் அடிக் கம்பி வரைக்கும் அளங்க. 18 செ.மீ. வருதுன்னு வைங்க. டிராப்பரோட கழுத்துக்கும் தலைக்கும் 4, 5 செ.மீ. போயிடும். மிச்சம் 13. அப்ப 150 மி.மீ. இறங்குறது பொருந்தாது, 125தான். ஃபிரேம் குழாய்க்குள்ள வளைவோ தண்ணி பாட்டில் திருகோ குறுக்கே இருக்கான்னும் பாருங்க, டிராப்பரோட அடிப்பாகம் நீளம்.

கேபிளா ஹைட்ராலிக்கா? எண்ணூர்ல இருக்கிறவருக்கு என் ஓட்டு கேபிளுக்கு. ஒரு பக்கம் உப்புக்காத்து, இன்னொரு பக்கம் அனல் மின் நிலையச் சாம்பல். சாம்பல் மாதிரி நைசான தூசு ரப்பர் சீல்கிட்ட சேர்ந்தா உப்புத்தாள் மாதிரி வழுக்கும் குழாயைத் தேய்க்கும். கேபிள் துருப்பிடிச்சா தெருமுனைக் கடையில மாத்திடலாம். ஹைட்ராலிக்ல காத்து ஏறினா அதை வெளியே எடுக்கத் தனிக் கருவி, அதைக் கையாளத் தெரிஞ்ச ஆள். உள்ளே இருக்கிற காற்றுக் குப்பியைத் தனியா மாத்தக்கூடிய மாடலா, அது இங்கே கிடைக்குமான்னும் கடைக்காரரைக் கேட்டுடுங்க.

மாசத்துக்கு ஒருதரம் நாகலாபுரம் மலைப் பக்கம் போறதுக்கு மட்டும்னா வேண்டாம், கையால திறக்கிற கிளாம்ப் போதும். தினம் டிரெய்லர் நடுவுல வேலைக்கும் அதே சைக்கிள்தான்னா, மலைக்காரனை விட இவருக்குத்தான் டிராப்பர் அவசியம்னு சொல்வேன். சிக்னல்ல அமுக்கி இறக்கி ரெண்டு காலையும் ஊனலாம், பச்சை விழுந்ததும் ஏத்திக்கிட்டு முட்டியைக் காப்பாத்தலாம்.

போட்ட பிறகு ரெண்டே வேலை. வீட்டுக்கு வந்ததும் வழுக்கும் குழாயைக் காய்ஞ்ச துணியால ஒரு துடை துடைங்க. ரயில்வே ஸ்டேஷன் படியில சைக்கிளைத் தூக்கும்போது இறக்கி வச்ச சீட்டைப் பிடிச்சு தூக்காதீங்க, உள்ளே இருக்கிற சீலுக்கு ஆகாது. பாரைப் பிடிச்சு தூக்குங்க.