கைக்கடிகாரத்தில் ஓர் எண்

நீரிழிவு நோய்க்கு உலகத்தார் இட்ட பெயர்களே ஒரு சிறு வரலாறாகும். உடலின் வலிமை நீராய் இழிந்து போவதைக் கண்ட தமிழர் அதனை நீரிழிவு என்றனர். அந்நீரின் இனிமையை அறிந்த வடமொழி மருத்துவர் மதுமேகம் என்றனர். அருந்திய நீர் உடலில் தங்காது ஊடுருவிச் செல்வதை நோக்கிய கிரேக்கர், அப்பொருள் தோன்ற டயாபடீஸ் என்றனர். அரபு மருத்துவர்கள் அச்சொல்லையே தம் மொழிக்கு இசைய எடுத்தாண்டனர். 1037-இல் மறைந்த இப்னு சீனா தம் 'அல்கானூன்' என்னும் பெருநூலில் இந்நோயை விவரித்தார். பக்தாதின் அப்துல் லத்தீஃப் (1162–1231) இந்நோய்க்கென்றே தனி நூலொன்று இயற்றினார்.

இத்துணை அறிஞரும் நோயை அறிந்திருந்தனர். ஆனால் இந்த நொடியில் நோயாளியின் உடலில் சர்க்கரை எவ்வளவு என்பதை அறிய அவர்களுக்கு வழியில்லை. அந்த ஓர் எண்ணைத் தேடி மனிதன் நடந்த தொலைவு நெடியது. அதனினும் வியப்பு, எண் கிடைத்த பின்னரும் அது நோயாளியின் கைக்கு வந்து சேர எடுத்துக்கொண்ட காலம்.

1776-இல் ஆங்கில மருத்துவர் மாத்யூ டாப்சன், நோயாளியின் சிறுநீரைக் காய்ச்சி வற்றச் செய்து, எஞ்சியது சர்க்கரையே என்று காட்டினார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெனடிக்ட் கரைசல் வந்தது. நீல நிறக் கரைசலில் சில துளி சிறுநீரை விட்டுச் சூடேற்றினால், சர்க்கரையின் அளவுக்கேற்பப் பச்சையாகவும் மஞ்சளாகவும் செங்கல் நிறமாகவும் மாறும். நம் இல்லங்களிலும் கண்ணாடிக் குழாயும் ஸ்பிரிட் விளக்குமாக இச்சோதனை நடந்ததை நினைவுகூரும் முதியோர் உளர்.

ஆயினும் சிறுநீர் பழைய செய்தியையே சொல்லும். சில மணி நேரத்துக்கு முன் சர்க்கரை மிகுந்திருந்ததை அது காட்டும். இப்பொழுது குறைந்து வருவதைக் காட்டாது. 1922-இல் டொராண்டோவில் இன்சுலின் முதன்முதலாக ஒரு நோயாளிக்குச் செலுத்தப்பட்டபின் இக்குறை பெருங்குறையாயிற்று. உயிர்காக்கும் அம்மருந்து சற்றே மிகுந்தால் சர்க்கரை தாழ்ந்து, நினைவு தப்பி, உயிருக்கே ஆபத்தாகும். உறங்குபவர் அதை உணராமலே போகவும் கூடும்.

1970-ஐ ஒட்டி, விரல் நுனியின் ஒரு துளி இரத்தத்தைக் கொண்டு சர்க்கரையை அளக்கும் கருவி ஒன்றை ஏம்ஸ் நிறுவனம் அமெரிக்காவில் வெளியிட்டது. ஒரு கிலோகிராமுக்கு மேல் எடை கொண்ட அதனை மருத்துவர்களுக்கே விற்றனர். ரிச்சர்ட் பெர்ன்ஸ்டைன் என்ற பொறியாளர் இளமை முதல் இந்நோய் உடையவர். அவருடைய துணைவியார் மருத்துவராக இருந்தமையால் அவர் வழியாக அக்கருவியைப் பெற்றார். தம்மைத் தாமே நாளுக்குப் பன்முறை அளந்து நலம் கண்டார். மருத்துவப் பட்டம் இல்லாதவர் என்பதால் அவர் எழுதியவற்றை மருத்துவ ஏடுகள் ஏற்கவில்லை. நாற்பத்தைந்து வயதில் அவர் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். தன் உடலின் எண்ணைத் தானே காண்பதற்கு ஒரு மனிதர் கொடுத்த விலை இது!

1999-இல் மினிமெட் நிறுவனத்தின் கருவி வந்தது. தோலின் கீழ் நுண்ணிழை ஒன்றைப் பதித்து, சில நாள்கள் இடைவிடாது அளக்கும் முதற் கருவி அது. ஆனால் அளவுகள் கருவிக்குள்ளேயே அடைபட்டுக் கிடந்தன. மருத்துவர் பின்னர் எடுத்துப் பார்த்தால்தான் உண்டு. அணிந்தவருக்கு எண் காட்டப்படவில்லை.

இதற்கு மறுமொழி போல் 2001-இல் குளூக்கோவாட்ச் என்னும் கைக்கடிகாரத்துக்கு அமெரிக்க அரசின் மருந்துத் துறை இசைவளித்தது. மெல்லிய மின்னோட்டத்தால் தோலின் வழியே நீர்மத்தை ஈர்த்து, இருபது நிமிடத்துக்கு ஒருமுறை அளவைக் காட்டியது. ஆனால் தோல் சிவந்து எரிந்தது. வியர்த்தால் அளவு கெட்டது. சில ஆண்டுகளில் அது கடையை விட்டே மறைந்தது.

பின்னர் வந்த கருவிகள் வேறு வழியில் சென்றன. தோலின் கீழுள்ள இழையில் ஒரு நொதி, சர்க்கரையோடு வினைபுரிந்து சிறு மின்னோட்டத்தை எழுப்பும். அதை அளந்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வானொலி அலையாகக் கருவி அனுப்பும். அவ்வலையைப் பெறத் தனிப்பெட்டி ஒன்று தேவைப்பட்டது. 2013-இல் ஜான் காஸ்டிக் என்ற அமெரிக்க மென்பொருள் வல்லுநர், நோயுற்ற தம் இளம் புதல்வனின் அளவைத் தாம் பணியிடத்திலிருந்தே காண விரும்பி, அப்பெட்டியின் மொழியைத் தாமே படித்தறிந்தார். பெட்டியினின்று கைபேசிக்கும், அங்கிருந்து இணையத்துக்கும், தம் மணிக்கட்டின் பெபிள் கடிகாரத்துக்கும் எண்ணைக் கொணர்ந்தார். அவரைப் போன்ற பெற்றோர் பலர் ஒன்று கூடினர். 'நாங்கள் காத்திருக்கப் போவதில்லை' என்பதே அவர்கள் முழக்கமாயிற்று.

2015-இல் பெட்டி விலகிக் கைபேசி வந்தது. கடிகாரமும் எண்ணைக் காட்டியது. ஆயின் அது கைபேசி சொன்னதைத் திருப்பிச் சொல்லும் கிளியாகவே இருந்தது. கைபேசியை வீட்டில் விட்டு விளையாடச் சென்ற பிள்ளைக்குக் கடிகாரம் வெறும் கடிகாரமே. கைபேசியின்றியே கடிகாரத்துக்கு எண் வரும் என்று ஆப்பிள் நிறுவனம் 2017-இல் மேடையில் அறிவித்தது. அச்சொல் நிறைவேற ஏழாண்டுகள் ஆயின. 2024 ஜூனில் டெக்ஸ்காம் நிறுவனத்தின் ஜி7 என்னும் உணரி, தன் எண்ணை நேரே ஆப்பிள் கடிகாரத்துக்கு அனுப்பத் தொடங்கியது. தொடக்க அமைப்புக்குக் கைபேசி வேண்டும்; அதன்பின் சர்க்கரை தாழ்ந்தால் கடிகாரமே எச்சரிக்கும்.

இங்கே நாம் மறவாதிருக்க வேண்டியவை சில. அளப்பது கடிகாரம் அன்று. தோலின் கீழுள்ள இழையே. தோலைத் துளையாமல் தானே சர்க்கரையை அளப்பதாகக் கூறும் கடிகாரங்களையும் மோதிரங்களையும் நம்பவேண்டா என்று அமெரிக்க மருந்துத் துறை 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. இழை அளக்கும் நீர்மத்தின் சர்க்கரை இரத்தத்தின் சர்க்கரைக்குச் சில நிமிடம் பின்தங்கியே வரும். உடல் ஒன்று சொல்ல, எண் வேறொன்று சொன்னால், விரல் நுனியின் இரத்தத்தைக் கொண்டு அளந்து பார்ப்பதே முறை.

மருத்துவர் விலகினார், பெட்டி விலகிற்று, கைபேசியும் விலகத் தொடங்கியுள்ளது. நோயாளிக்கும் அவருடைய எண்ணுக்கும் இடையே நின்றவை ஒவ்வொன்றாக அகன்று வருகின்றன. இன்னும் அகலாதது விலை. பத்து முதல் பதினைந்து நாள்களுக்கு ஒருமுறை புதிதாக வாங்கவேண்டிய உணரி, எளிய குடும்பத்துக்கு எட்டாக்கனியே. அத்தடையும் நீங்கும் நாளில்தான், உரிய எண் உரியவர் கையை வந்தடைந்தது என்று நாம் எழுத இயலும்.