பித்தப்பைப் புற்றுநோய்: தற்செயலாகச் சிக்கும் எதிரி

பி.காம். படிக்கிறவனுக்குப் பித்தப்பையில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். எங்கள் பெரியம்மா இரைப்பைப் புற்றுநோயிலிருந்து மீண்டவர். இரைப்பையில் பெரும்பகுதியை எடுத்துவிட்டார்கள். போன மாதம் வழக்கமான ஸ்கேனில் பித்தப்பையில் கல் தெரிந்தது. "வெறும் கேஸ்டா" என்று அவர் சிரிக்கிறார். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. தேடிப் படித்ததை எழுதுகிறேன்.

இந்த நோயை முதலில் விவரித்தவர் வியன்னா மருத்துவர் மாக்சிமிலியன் ஸ்டோல். ஆண்டு 1777. எப்படிக் கண்டார்? இறந்தவர்களின் உடலை அறுத்துப் பார்த்து! உயிரோடு இருப்பவரிடம் கண்டுபிடிக்க அன்று வழியே இல்லை.

1882-இல் பெர்லினில் கார்ல் லாங்கன்புக் முதன்முறையாகப் பித்தப்பையையே அகற்றினார். கல்லை மட்டும் எடுத்தால் போதாது, கல் உருவாகும் இடமே போகவேண்டும் என்பது அவர் வாதம். அதன்பின் ஒரு புதுமை நடந்தது. கல்லுக்காக எடுத்த பித்தப்பையைச் சோதித்தால், சிலவற்றில் யாரும் எதிர்பாராத புற்றுநோய் இருந்தது. இன்றும் ஆரம்ப நிலையில் பிடிபடுவது பெரும்பாலும் இப்படித்தான். உள்சவ்வோடு நின்றிருந்தால் அந்த அறுவையே பெரும்பாலும் போதும். ஆனால் பித்தப்பையின் சுவர் மெல்லியது, ஈரல் ஒட்டியே இருக்கிறது. வலியும் மஞ்சள் காமாலையும் வருவதற்குள் நோய் அநேகமாகப் பரவிவிடும்.

1924-இல் அமெரிக்காவில் எவார்ட்ஸ் கிரஹாமும் வாரன் கோலும் எக்ஸ்ரேயில் பித்தப்பை தெரிய வழி கண்டார்கள். புற்றுநோயைத் தடுக்கவே கல்லுள்ள பித்தப்பையை எடுத்துவிடலாம் என்று கிரஹாம் 1931-இல் எழுதினார். இதே கிரஹாம் 1933-இல் நுரையீரல் புற்றுநோய் வந்த ஒரு டாக்டரின் ஒரு பக்க நுரையீரலை முழுசாக அகற்றினார். கிரஹாம் 1957-இல் அதே நோயால் இறந்தார். நோயாளியோ அவருக்குப் பின்னும் வாழ்ந்தார்!

ஆக, புற்றுநோயை வென்றவருக்கு முன்னால் நீண்ட வாழ்க்கை இருக்கலாம். அதில் கவனம் வேண்டும். இரைப்பை அறுவையில் வேகஸ் நரம்பின் கிளைகள் வெட்டுப்படும்போது பித்தப்பை சரியாகச் சுருங்காது. பித்தநீர் தேங்கிக் கல் சேரும். பெரியம்மா கதை இதுதான் போலிருக்கிறது.

பயமுறுத்தவில்லை. கல் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் வருவதே இல்லை. எல்லோருக்கும் பித்தப்பையை எடுப்பது வழக்கமும் இல்லை. சிலி நாடு மட்டும் 2006-இல், கல்லுள்ள 35 முதல் 49 வயதினருக்குத் தடுப்பு அறுவையை அரசின் உத்தரவாதத் திட்டத்தில் சேர்த்தது. அங்கே இந்த நோய் அவ்வளவு அதிகம்.

மீண்டவர்களுக்கு ஒரு வசதி உண்டு. அவர்களுக்கு எப்படியும் ஸ்கேன் எடுக்கிறார்கள். சுவர் தடித்திருக்கிறதா, பாலிப் 10 மி.மீ.யைத் தொட்டுவிட்டதா என்று கேட்கலாம். ஒரே வருஷத்து பேலன்ஸ் ஷீட்டை வைத்து கம்பெனியை எடைபோட முடியுமா? அதுபோல பழைய ரிப்போர்ட்டுகளையும் கையில் கொண்டுபோங்கள்.

பெரியம்மாவின் ஃபைலை நேற்று ராத்திரி வருஷவாரியாக அடுக்கி வைத்தேன். அடுத்த வாரம் டாக்டரிடம் போகிறோம். வெறும் கேஸா இல்லையா என்று அவரே சொல்லட்டும்.