ஓட்டுக்குள் இட்ட முதல் தீனி

ஜொகூர் மாநிலத்தின் குளுவாங் மாவட்டத்தில், கெமாசிலிருந்து ஜொகூர் பாருவுக்குச் செல்லும் தொடர்வண்டிப் பாதையில் அமைந்த ரெங்கம், 1909-ல் அப்பாதை முழுமை பெற்றதை ஒட்டிக் காடழிக்கப்பட்டு எழுந்த ரப்பர்த் தோட்டங்களை நம்பி வளர்ந்த சிற்றூர். கருங்கல் சிதைந்து உண்டான ஆழமான ஒரு மண்வகைக்கு மலேசிய மண்ணியலார் இவ்வூரின் பெயரையே இட்டிருப்பதால், ஊரை ஒருநாளும் பார்த்திராத வேளாண் மாணவர்களும் ரெங்கம் என்னும் பெயரை அறிவர். பால்மரமும் பின்னர் செம்பனையும் இந்த மண்ணின் வரலாறாக எழுதப்பட்டன; தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளான தோட்டத்து லயங்களின் பின்புறத்தில் தமிழ்க் குடும்பங்கள் வளர்த்த கோழிகளோ அந்த வரலாற்றில் அரிதாகவே இடம் பெற்றன. அந்தக் கோழிகளிலிருந்து தொடங்கிப் பார்த்தால்தான், பொரிக்காத முட்டைக்குள் ஊசி வழியே ஊட்டச்சத்தைச் செலுத்திக் குஞ்சின் வளர்ச்சியைக் கூட்டும் இன்றைய முறை எந்தக் குறையை நிரப்பப் பிறந்தது என்பது விளங்கும்.

தமிழகத்திலிருந்து மலாயாவுக்கு வந்த தொழிலாளர் தம்முடன் கொண்டுவந்த வழக்கங்களுள் கோழியை அடை வைப்பதும் ஒன்று. கேறிக்கேறி இறகைச் சிலிர்த்துக்கொண்டு கூட்டை விட்டு எழ மறுக்கும் கோழியே அடைக்குத் தகுந்தது என்று கொண்டு, பழைய கூடையிலோ உடைந்த பானையிலோ மணலும் வைக்கோலும் பரப்பி, ஆட்டிப் பார்த்தும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தும் தேர்ந்த முட்டைகளை அதில் வைப்பர். இடியோசையில் முட்டை கெட்டுவிடும் என்ற நம்பிக்கையால் இரும்புத் துண்டு ஒன்றையும் கரியையும் காய்ந்த மிளகாயையும் கூடையில் போட்டு வைக்கும் வீடுகளும் உண்டு. இருபத்தொரு நாளில் குஞ்சு வெளிவந்ததும் நொய்யும் குறுணையும் போடுவதும், கவிழ்த்த பானைக்கடியில் சாணமும் மட்கிய நாரும் இட்டுக் கறையான் பிடித்துக் கொடுப்பதும், பருந்துக்கும் கீரிக்கும் அஞ்சிப் பஞ்சாரத்தால் மூடுவதும் இம்முறையின் தொடர்ச்சி. இடிக்கு எதிரான இரும்பை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடலாம். ஆனால் பொரித்த குஞ்சுக்கு விரைவில் இரை கிடைக்க வேண்டும் என்ற அறிவு இதில் இருந்ததையும், அந்த இரையைக் கிளறிக் காட்டத் தாய் பக்கத்திலேயே நின்றதையும் மறந்துவிடக்கூடாது.

தாயுள்ள கூட்டிலும் எல்லா முட்டையும் ஒரே நேரத்தில் பொரிப்பதில்லை. முதலில் வெளிவந்த குஞ்சு, கடைசிக் குஞ்சு வரும்வரை தாயின் இறகுக்கடியில் பசியோடு காத்திருக்க நேர்கிறது. இயற்கை இந்தக் காத்திருப்புக்கென்றே ஓர் ஏற்பாட்டைச் செய்திருக்கிறது. அடையின் கடைசி ஓரிரு நாட்களில், எஞ்சிய மஞ்சள் கரு அதைச் சூழ்ந்த பையோடு குஞ்சின் வயிற்றுக்குள் இழுத்துக்கொள்ளப்படுகிறது. வெளியுலகில் இரை கிடைக்கும்வரை குஞ்சு அந்தக் கட்டுச்சோற்றை உண்டு உயிர் வாழ்கிறது. ஆனால் அது உயிரைத் தாங்கும் உணவே ஒழிய உடலை வளர்க்கும் உணவன்று. ஓட்டை உடைத்து வெளிவரும் கடும் உழைப்புக்குக் கரு தன் கல்லீரலிலும் தசையிலும் சேர்த்து வைத்த கிளைக்கோஜன் என்னும் மாவுப்பொருளைச் செலவிடுகிறது. அது தீர்ந்தபின் தசையின் புரதத்தையே கரைத்துச் சர்க்கரையாக்கிக்கொள்கிறது. குடலின் உட்சுவரில் உணவை உறிஞ்சும் நுண்விரல்கள், அதாவது குடலுறிஞ்சிகள், முதல் இரை வந்து தொட்ட பிறகே வேகமாக வளர்கின்றன. ஆகவே முதல் இரை தாமதமாகும் ஒவ்வொரு மணி நேரமும் பின்னால் எடையில் குறைவாகத் தெரிகிறது.

வயிற்றிலுள்ள இந்த மஞ்சள் கருவே குஞ்சு வணிகத்தைச் சாத்தியமாக்கியது என்பது இவ்வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று. பல நூறு முட்டைகளைக் களிமண் அடுப்புகளில் சூடேற்றிப் பொரிக்கும் கலையை எகிப்தியர் பண்டைக் காலத்திலேயே அறிந்திருந்தனர்; எனினும் குஞ்சைத் தொலைதூரத்துக்கு விற்கும் தொழில் பெருகியது இருபதாம் நூற்றாண்டில்தான். 1918-ல் அமெரிக்க அஞ்சல் துறை ஒரு நாள் வயதுக் குஞ்சுகளைப் பெட்டியில் இட்டு அனுப்ப இசைந்தது. தீனியும் தண்ணீரும் இன்றி இரண்டு மூன்று நாள் பயணத்தைக் குஞ்சு தாங்கும் என்ற நம்பிக்கையே அந்த இசைவுக்கு அடிப்படை. குஞ்சு தாங்கியது உண்மை. தாங்கியதால் என்ன இழந்தது என்று கேட்க மேலும் அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

ஜொகூரில் இந்தத் தொழில் வேரூன்றியதற்குச் சந்தை அருகில் இருந்ததே முதற்காரணம். எல்லைப் பாலத்துக்கு அப்பால் உள்ள சிங்கப்பூர் 2021-ல் இறக்குமதி செய்த கோழியிறைச்சியில் ஏறத்தாழ 34 விழுக்காடு மலேசியாவிலிருந்து வந்தது. 2022 ஜூன் மாதம் மலேசிய அரசு கோழி ஏற்றுமதியை நிறுத்தியபோது சிங்கப்பூரின் கோழிச்சோற்றுக் கடைகள் திகைத்ததை உலகச் செய்தித்தாள்கள் எல்லாம் எழுதின. இத்தகைய சந்தைக்கு லயத்துக் கோழி போதாது. பெற்றோர்க் கோழிப் பண்ணை முட்டையைத் தருவதும், பொரிப்பகம் குஞ்சை எடுப்பதும், வளர்ப்புப் பண்ணை கறிக்கோழியாக்குவதும் எனத் தொழில் மூன்றாகப் பிரிந்தது. பொரிப்பகத்தில் குஞ்சுகள் எல்லாம் ஒரே நேரத்தில் அன்றி, ஒரு நாளுக்கும் மேற்பட்ட கால அளவில் ஒன்றன்பின் ஒன்றாகப் பொரிக்கின்றன; எல்லாம் பொரித்து முடிந்தபின் எண்ணி, தரம் பிரித்து, தடுப்பூசி போட்டு, பெட்டியில் அடைத்து லாரியில் ஏற்றிப் பண்ணையில் இறக்குவதற்குள், முன்னால் பொரித்த குஞ்சுக்கு 36 முதல் 72 மணி நேரம் வரை இரையின்றிப் போய்விடுவது உண்டு. வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த தென் ஜொகூரின் காற்றில் இந்தப் பயணம் குஞ்சின் உடல்நீரையும் வற்றச் செய்கிறது. தாயை நீக்கிவிட்ட தொழில், தாய் ஆற்றிய வேலைகளுள் சூட்டை மட்டும் இயந்திரத்திடம் ஒப்படைத்துவிட்டு, இரை காட்டும் வேலையை யாரிடமும் ஒப்படைக்காமல் விட்டது. முட்டைக்குள் ஊட்டும் முறை, பெரும்பாலும், இவ்வாறு தொழிலே உண்டாக்கிய பசிக்குத் தொழிலே தேடிய மருந்து.

பெரும்பாலும் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. கோழியின் மரபினமும் இதற்கிடையில் மாறிவிட்டது. கனடாவில் 1957-ஆம் ஆண்டின் இனத்தையும் 2005-ஆம் ஆண்டின் இனத்தையும் ஒரே தீனியில் வளர்த்து ஒப்பிட்ட ஆய்வு ஒன்றில், 56 நாளில் முன்னது 905 கிராமும் பின்னது 4,202 கிராமும் எடை கண்டன. மூன்று மாதம் வளர்ந்த கோழிக்கு முட்டைக்குள் கழிந்த 21 நாள் அதன் வாழ்நாளில் ஐந்தில் ஒரு பங்கு. 35 நாளில் சந்தைக்குப் போகும் கோழிக்கு அதுவே மூன்றில் ஒரு பங்கைத் தாண்டிவிடுகிறது. வளர்ச்சியின் வேகம் இப்படிப் பெருகிய அளவுக்கு முட்டையின் சேமிப்பு பெருகவில்லை. மலேசியப் பண்ணைகள் மக்காச்சோளத்தையும் சோயாப் புண்ணாக்கையும் வெளிநாட்டிலிருந்து வாங்குகின்றன. வளர்ப்புச் செலவில் பெரும்பங்கு தீனிக்கே போகும் நிலையில், அதே தீனியில் சற்றுக் கூடுதல் எடை என்பது வெறும் ஆய்வக ஆர்வம் அன்று, கணக்குப் புத்தகத்தின் கேள்வி.

முட்டைக்குள் ஊசி நுழைந்தது முதலில் ஊட்டுவதற்காக அன்று, நோயை ஆராய்வதற்காக. 1931-ல் அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் எர்னஸ்ட் குட்பாஸ்சரும் ஆலிஸ் உட்ரஃபும் கோழியம்மை நச்சுயிரியைக் கருமுட்டையின் சவ்வில் வளர்த்துக் காட்டிய பிறகு, கருவுள்ள முட்டை உலகெங்கும் தடுப்பு மருந்துக் கூடங்களின் ஏனமாயிற்று. இந்தியாவில் வெள்ளைக்கழிச்சல் எனப்படும் இராணிகேத் நோய்க்கு எதிரான முக்தேசுவர் தடுப்பு மருந்து 1940-களில் இவ்வாறே கருமுட்டையில் மீண்டும் மீண்டும் செலுத்தி வலுக்குறைத்து உருவாக்கப்பட்டது. மலேசியாவில் 1948-ல் நிறுவப்பட்ட ஈப்போ கால்நடை ஆய்வு நிலையமும் தன் கோழித் தடுப்பு மருந்துகளுக்குக் கருமுட்டையையே நம்பியது. அங்கெல்லாம் கரு ஒரு கருவி. மருந்து எடுத்தபின் அது தூக்கி எறியப்படும். உயிரோடு பொரிக்கவேண்டிய கருவுக்கே நன்மை செய்ய ஊசியைப் பயன்படுத்தலாம் என்ற எண்ணத்துக்கு 1982-ஆம் ஆண்டு திருப்பமாக அமைந்தது. அவ்வாண்டில் மிச்சிகனில் ஜகதேவ் சர்மாவும் பென் பர்மெஸ்டரும், கோழிகளுக்கு நரம்பு முடக்கத்தையும் கட்டிகளையும் உண்டாக்கும் மாரெக் நோய்க்கான தடுப்பு மருந்தைக் கருவுக்கே செலுத்தினால் பொரிக்கும்போதே பாதுகாப்பு இருக்கிறது என்று காட்டினர். அதே ஆண்டில் ஈராக்கிய அறிஞர் அல்-முர்ரானி, முட்டைக்குள் அமினோ அமிலங்களைச் செலுத்துவது கருவின் வளர்ச்சியையும் பொரித்தபின் வளர்ச்சியையும் எவ்வாறு மாற்றுகிறது என்பதைப் பிரித்தானியக் கோழியியல் இதழில் வெளியிட்டார். ஒரே ஆண்டில் பிறந்த இவ்விரண்டு கட்டுரைகளுள் முன்னது இயந்திரமாயிற்று. பின்னது நூலகத்தில் தங்கியது.

அந்த இயந்திரத்தை வட கரோலினாவின் எம்ப்ரெக்ஸ் நிறுவனம் 1990-களின் தொடக்கத்தில் சந்தைக்குக் கொண்டுவந்தது. பதினெட்டாம் நாளில் முட்டைகளைச் செட்டர் எனப்படும் அடைப்பெட்டியிலிருந்து ஹேச்சர் எனப்படும் பொரிப்புப் பெட்டிக்கு எப்படியும் மாற்றவேண்டும்; அந்த மாற்றத்தின்போதே மணிக்குப் பல்லாயிரம் முட்டைகளை ஓட்டில் துளையிட்டு மருந்தேற்றி முடித்துவிடுகிறது இன்னோவோஜெக்ட் என்னும் அக்கருவி. இதே பதினெட்டாம் நாள்தான் ஊட்டத்துக்கும் ஏற்றது என்பதை உணர்ந்தவர்கள் எருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்தின் செகவா யூனியும் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தின் பீட்டர் ஃபெர்கெட்டும். பொரிப்பதற்கு முன் கரு தன்னைச் சூழ்ந்த பனிக்குட நீரை வாயால் குடித்துவிடுகிறது என்பது இயல்பாக நடக்கும் செயல். அந்த நீருக்குள் சர்க்கரை, புரதச் சத்து, தாதுப்பு முதலியவற்றைக் கலந்துவிட்டால், குஞ்சு தன் முதல் உணவை ஓட்டுக்குள்ளேயே உண்டுவிடும் என்பது அவர்களுடைய கருத்து. இதற்கான அமெரிக்கக் காப்புரிமை 2003-ல் வழங்கப்பட்டது. அவர்களுடைய சோதனைகளில் பொரிக்கும் குஞ்சின் எடை 3 முதல் 7 விழுக்காடு கூடியது. குடலுறிஞ்சிகள் முன்கூட்டியே வளர்ந்தன. கல்லீரலில் கிளைக்கோஜன் இருப்பு உயர்ந்தது.

இந்தியாவில் இப்பணியை எடுத்துக்கொண்டது பரேலி அருகே இசத்நகரில் 1979-ல் தொடங்கப்பட்ட நடுவண் பறவையின ஆராய்ச்சி நிலையம். அங்கு எஸ். கே. பாஞ்சாவும் ஏ. பி. மண்டலும் உடனாய்வாளர்களும் 2004-ல் வெளியிட்ட ஆய்வு, பெரிய கொள்கை எதையும் பேசாமல், ஊசி எந்த இடத்தில் நுழையவேண்டும், எவ்வளவு நீளம் இருக்கவேண்டும், கருவுக்கு எத்தனை நாள் ஆகியிருக்கவேண்டும், அமினோ அமிலத்தின் செறிவு எவ்வளவு என்ற நான்கு கேள்விகளுக்கு மட்டும் விடை தேடியது. எளிமையாகத் தோன்றும் இந்த வேலையே இத்துறையில் மிக மதிக்கத்தக்கது. ஏனெனில் கரைசல் சற்றுச் செறிந்துவிட்டாலோ ஊசி பனிக்குடத்தைத் தவறவிட்டாலோ கரு இறந்துபோகிறது, பொரிப்பு விகிதம் சரிகிறது, கூடிய எடையால் வந்த இலாபம் பொரிக்காத முட்டைகளில் கரைகிறது. அடுத்த ஆண்டு அவர்கள் வெவ்வேறு அமினோ அமிலத் தொகுதிகளைச் செலுத்தி, வளர்ச்சியோடு நோய் எதிர்ப்பாற்றலும் செரிமான உறுப்புகளும் எவ்வாறு மாறுகின்றன என்பதை விரித்தெழுதினர். நாமக்கல் முட்டைக்கும் பல்லடம் கறிக்கோழிக்கும் பெயர்பெற்ற தமிழகத்தில் இம்முறையால் பயன் காணக்கூடியது பல்லடமே. முட்டைக்கோழிக்கு முதல் வார எடை அத்தனை முதன்மையானதன்று.

இவ்வளவு ஆய்வுக்குப் பின்னும் ஊட்டமுறை தடுப்பூசியைப் போலப் பரவவில்லை. தடுப்பு மருந்தின் அளவு ஒரு முட்டைக்கு ஏறத்தாழ 0.05 மில்லிலிட்டர், ஊட்டக் கரைசலோ அதைப்போல் பத்து மடங்குக்கு மேல் வேண்டும். அத்தனை நீரைச் செலுத்த இயந்திரம் மெதுவாகவேண்டும், இனிப்புக் கரைசலில் பூஞ்சையும் நுண்ணுயிரும் பெருகாமல் காக்கவேண்டும், இனத்துக்கும் தாய்க்கோழியின் வயதுக்கும் ஏற்பக் கலவையை மாற்றவேண்டும். இதற்குள் நெதர்லாந்தில் வேறு வழிகள் தோன்றின: பொரிப்புப் பெட்டிக்குள்ளேயே தீனியும் தண்ணீரும் வைப்பது ஒன்று, பதினெட்டாம் நாள் முட்டையை வளர்ப்புக் கொட்டகைக்கே கொண்டுபோய் அங்கேயே பொரிக்க விடுவது மற்றொன்று. பின்னது, சொல்லப்போனால், லயத்துக் கூடையின் முறைக்கே திரும்பும் வழி. தாய் மட்டும் இல்லை.

மலேசியாவில் சிறு வளர்ப்பாளரை எட்டிய ஆய்வு வேறு திசையில் பிறந்தது. அந்நாளில் மலேசிய வேளாண் பல்கலைக்கழகம் எனப்பட்ட செர்டாங் பல்கலைக்கழகத்தில் லத்தீஃப் இப்ராகிம், ஆஸ்திரேலியாவின் பீட்டர் ஸ்பிராட்புரோவுடன் சேர்ந்து, வெப்பத்தைத் தாங்கும் வெள்ளைக்கழிச்சல் தடுப்பு மருந்தை 1980-களில் தீனியில் பூசிக் கொடுக்கும் முறையை உருவாக்கினார். ஊசியும் குளிர்பெட்டியும் கோழியைப் பிடிக்கும் ஆளும் தேவைப்படாத அம்முறை, மேயும் நாட்டுக்கோழியை மனத்தில் வைத்து எழுந்தது. முட்டைக்குள் ஊட்டும் முறையிலோ நாட்டுக்கோழிக்கு இடமே இல்லை. அம்முறைக்கு மின்சாரமும் முட்டைகளைப் பெட்டி மாற்றும் அறையும் இலட்சக்கணக்கான முட்டையும் வேண்டும்.

இருபது ஆண்டுக் காப்புரிமைக் காலமும் கடந்துவிட்ட இன்று, முட்டைக்குள் தடுப்பூசி என்பது பெரிய பொரிப்பகங்களின் அன்றாட வேலை. முட்டைக்குள் ஊட்டம் என்பது பெரும்பாலும் ஆய்வுக் கட்டுரைகளின் பொருள். இந்நிலை மாறும்வரையில் ரெங்கத்திலோ குளுவாங்கிலோ பல்லடத்திலோ ஒரு நாள் குஞ்சை வாங்கி வளர்ப்பவர் செய்யக்கூடியது செலவில்லாதது: குஞ்சுப் பெட்டி வந்து சேரும் முன்பே கொட்டகையில் சூட்டையும் தண்ணீரையும் தீனியையும் ஆயத்தமாக வைத்து, இறக்கிய உடனே குஞ்சைத் தண்ணீரண்டையில் விடுவது.