கலாபகோஸ் தீவுப் படகுப் பயணம்

கலாபகோஸ் தீவுப் படகுப் பயணம் என்பது, தென் அமெரிக்க நாடான ஈக்வடாரின் கரைக்கு ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் மேற்கே, பசிபிக் பெருங்கடலில் நிலநடுக்கோட்டின் இருபுறமும் சிதறிக் கிடக்கும் எரிமலைத் தீவுகளைப் பல நாள் கப்பலிலேயே தங்கிச் சுற்றிப் பார்க்கும் காட்டுயிர்ப் பயணம். உண்பதும் உறங்குவதும் கப்பலில். பகலில் சில மணி நேரம் மட்டும் வழிகாட்டியுடன் கரையிறங்கி, விலங்குகளையும் பறவைகளையும் கண்டுவிட்டுப் பயணிகள் கப்பலுக்குத் திரும்பிவிடுவார்கள். நான்கு நாள் முதல் பதினைந்து நாள் வரை நீளும் பயணங்கள் உண்டு; எட்டு நாள் பயணமே பரவலாக நடப்பது. 1960களின் கடைசி ஆண்டுகளில் தொடங்கிய இம்முறை, உலகின் பல பகுதிகளில் நடக்கும் தீவுப் பயணங்களுக்கு முன்மாதிரியாகக் கருதப்படுகிறது.

கடற்பயணத்தின் சுகத்துக்காக ஏற்பட்ட வழக்கமல்ல இது. இங்கே ஒரு தீவில் வாழும் உயிர் பல வேளைகளில் அடுத்த தீவில் இருப்பதில்லை, இருந்தாலும் அதே உருவில் இருப்பதில்லை. ஒரே தீவில் தங்கிப் பார்த்தவர் அத்தீவைப் பார்த்தவரே தவிர, கலாபகோஸைப் பார்த்தவர் ஆகமாட்டார். அதோடு, மனிதர் இரவில் தங்காத நிலம் மனிதரின் சமையலறையும் சாக்கடையும் எலியும் பூனையும் வந்து சேராத நிலமாக இருக்கிறது. காண்பதற்கும் காப்பதற்கும் கப்பலே உரிய இடமாகிவிட்டது.

தீவுக்குத் தீவு மாறும் உயிர்கள்

இத்தீவுகளின் பெயரை உலகறியச் செய்த பயணமும் ஒரு தீவு தாவும் பயணம்தான். 1835 செப்டம்பர் மத்தியில் பிரிட்டிஷ் அளவைக் கப்பலான பீகிள் இங்கு வந்தது. அதிலிருந்த சார்லஸ் டார்வின் ஐந்து வாரங்களில் சான் கிறிஸ்டோபல், புளோரியானா, இசபெலா, சாந்தியாகோ என்ற நான்கு தீவுகளில் மட்டுமே கரையிறங்கினார். ஓர் ஆமையைப் பார்த்தே அது எந்தத் தீவினது என்று சொல்லிவிடலாம் என, அப்போது புளோரியானாவில் துணை ஆளுநராக இருந்த நிக்கோலஸ் லாசன் அவரிடம் கூறினார். டார்வின் அதை உடனே பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு தீவுகளில் சேகரித்தவற்றைக் கலந்தும் வைத்துவிட்டார். அவரை முதலில் யோசிக்கவைத்தவை, பின்னாளில் புகழ்பெற்ற ஃபிஞ்ச் குருவிகள் அல்ல, மாக்கிங் பறவைகள். சான் கிறிஸ்டோபலில் கண்டதும் புளோரியானாவில் கண்டதும் வெவ்வேறாக இருப்பதை அவர் கவனித்தார். குருவிகளின் உறவுமுறையை 1837இல் லண்டனில் பிரித்துச் சொன்னவர் பறவையியலாளர் ஜான் கூல்ட். எந்தப் பறவை எந்தத் தீவினது என்ற குறிப்பு இல்லாவிட்டால் சேகரிப்பு எவ்வளவு பொருளற்றதாகிவிடும் என்பதற்கு அறிவியல் வரலாற்றில் இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

இன்றைய பயணிக்கும் இந்த வேறுபாடு கண்முன் விரிகிறது. சாந்தா குரூஸ் தீவின் ஈரமான மேட்டுநிலத்தில் புல் மேயும் பேராமைகளின் ஓடு கவிழ்ந்த குவிமாட வடிவில் இருக்கும். வறண்ட எஸ்பான்யோலா தீவின் ஆமைகளுக்கோ ஓட்டின் முன்விளிம்பு சேணம் போல் மேலெழுந்திருக்கும். உயரத்தில் உள்ள கள்ளி மடலை எட்ட நீண்ட கழுத்தை நிமிர்த்துவதற்கு அது இடம் தருகிறது. கடலுக்குள் இறங்கிப் பாசி மேயும் ஒரே பல்லி இனமான கடல் இகுவானா, ஹெனோவேசா தீவில் சிறுத்தும் இசபெலாவில் பெருத்தும் இருக்கிறது. எஸ்பான்யோலாவில் இனப்பெருக்கக் காலத்தில் ஆண்களின் உடலில் சிவப்பும் பச்சையும் படர்கின்றன.

கப்பலில் ஒரு நாள்

பெரும்பாலான கப்பல்கள் 16 பேர் தங்கும் சிறு கலங்கள். ஒரு வழிகாட்டி 16 பேருக்கு மேல் அழைத்துச் செல்லக் கூடாது என்ற தேசியப் பூங்காவின் விதியே இந்த அளவைத் தீர்மானித்தது. மிகப் பெரிய கப்பலும் 100 பயணிகளுக்கு மேல் ஏற்றுவதில்லை.

விடிந்ததும் காலை உணவு. எட்டு மணி வாக்கில் முதல் கரையிறக்கம். கப்பல் நங்கூரமிட்ட இடத்திலிருந்து கரைக்கு, பங்கா என்று உள்ளூரார் அழைக்கும் ரப்பர் படகில் போக வேண்டும். சில இடங்களில் பாறைத்திட்டில் கால் நனையாமல் ஏறலாம். சில இடங்களில் முழங்காலளவு நீரில் குதித்துத்தான் கரைசேர முடியும். இரண்டு மணி நேர நடைக்குப் பின் கடலில் முகமூடியும் சுவாசக் குழாயும் அணிந்து நீந்துவது வழக்கம். நீந்தத் தெரிந்தவர் இதைத் தவிர்க்கக் கூடாது. கரையில் அசையாமல் கிடக்கும் கடற்சிங்கம் நீருக்குள் எப்படிப்பட்ட விலங்கு என்பது அங்கேதான் புரியும். குட்டிகள் நீந்துபவரைச் சுற்றிச் சுழன்று, முகத்துக்கு நேரே வந்து விலகும். அதே நீரில் கடலாமையும் வெண்முனைச் சுறாவும் கடந்துபோகும். மதிய உணவின்போது கப்பல் அடுத்த இடத்துக்கு நகரும். மூன்று மணிக்கு இரண்டாவது கரையிறக்கம். மாலை ஆறுக்குள் எல்லோரும் கப்பலில் இருந்தாக வேண்டும். இரவுணவுக்கு முன் வழிகாட்டி மறுநாளைப் பற்றி விளக்குவார்.

நெடுந்தூரத்தை இரவில்தான் கடக்கிறார்கள். இது பகலை மிச்சப்படுத்துகிறது. தூக்கத்தைக் கெடுக்கவும் கூடும். சிறு கலங்கள் நன்றாகவே ஆடும். குமட்டல் வரும் உடல்வாகு உள்ளவர்கள் கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் உள்ள அறையைக் கேட்டு வாங்குவது நல்லது. விழித்திருப்பவர் மேல்தளத்துக்குப் போனால் கப்பலோடு கூடவே பறந்துவரும் வெள்ளை உருவங்களைக் காணலாம். அவை பிளவுவால் கடற்காகங்கள். இரவில் இரை தேடும் வழக்கமுள்ள ஒரே கடற்காக இனம் இது. கப்பலின் வெளிச்சத்தில் மேலெழும் மீனையும் கணவாயையும் பிடிக்கிறது.

எஸ்பான்யோலா, ஹெனோவேசா, மேற்குத் தீவுகள்

தென்கிழக்குக் கோடியில் உள்ள எஸ்பான்யோலா, அலைவரி அல்பட்ராஸின் தீவு. உலகில் இப்பறவை கூடு கட்டும் இடம் ஏறக்குறைய இது ஒன்றே. ஏப்ரல் வாக்கில் வந்து டிசம்பர் வரை தங்கி, மற்ற மாதங்களைக் கடலில் கழிக்கிறது. ஜோடிகள் எதிரெதிரே நின்று அலகோடு அலகை மோதி, வானை நோக்கி நிமிர்ந்து, மீண்டும் குனிந்து நெடுநேரம் நிகழ்த்தும் சடங்கு இத்தீவுகளின் அரிய காட்சிகளுள் ஒன்று. கனத்த உடலும் நீண்ட சிறகும் கொண்ட இப்பறவை சமதளத்திலிருந்து எளிதில் எழும்புவதில்லை. புன்டா சுவாரெஸ் முனையின் செங்குத்துப் பாறை விளிம்புவரை தத்தித் தத்தி நடந்து, அங்கிருந்து காற்றில் விழுந்து பறக்கிறது. மிகுந்த அழிவாபத்தில் உள்ள இனம் என்பதால், இதைக் காணவே தங்கள் பயண மாதத்தைத் தேர்பவர்கள் உண்டு.

வடகிழக்கில் நிலநடுக்கோட்டைத் தாண்டிக் கிடக்கும் ஹெனோவேசாவுக்கு இரவெல்லாம் பயணிக்க வேண்டும். உடைந்த எரிமலை வாயொன்றில் கடல் புகுந்து உருவானது இங்குள்ள டார்வின் விரிகுடா. கப்பல் அதற்குள் நுழைந்து நங்கூரமிடுகிறது. செங்கால் பூபிகள் மரக்கிளையிலும், நாஸ்கா பூபிகள் தரையிலும் கூடமைத்திருக்க, அவற்றின் இரையைப் பறிக்கக் காத்திருக்கும் ஃபிரிகேட் பறவைகள் தலைக்கு மேல் மிதக்கும். பகலில் வேட்டையாடும் குட்டைச்செவி ஆந்தை, பாறை நிறத்தோடு கலந்து புயற்பறவைகளுக்காகப் பதுங்கியிருக்கும். வழிகாட்டியின் கண் இல்லாவிட்டால் அதைத் தாண்டியே நடந்துவிடுவோம்.

மேற்கே இசபெலாவும் ஃபெர்னாண்டினாவும். இங்கே கடலின் இயல்பே வேறு. பசிபிக்கின் மேற்பரப்புக்கு அடியில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடிவரும் குரோம்வெல் நீரோட்டம் இத்தீவுகளின் அடித்தளத்தில் மோதி மேலெழுகிறது. குளிர்ந்த, சத்து நிறைந்த நீரைக் கொண்டுவருகிறது. நிலநடுக்கோட்டில் பென்குயின் வாழ்வதன் காரணம் இதுதான். கலாபகோஸ் பென்குயின்களின் எண்ணிக்கை இரண்டாயிரத்துக்குள்தான். பெரும்பாலானவை இப்பகுதியில் உள்ளன. பறக்க மறந்த நீர்க்காகம் உலகிலேயே இவ்விரு தீவுகளின் கரையில் மட்டுமே வாழ்கிறது. தரையில் வேட்டை விலங்கு இல்லாத தீவில், நீரில் மூழ்கி இரை தேடிய அதன் சிறகுகள் தலைமுறைகளில் குறுகிவிட்டன. ஆனாலும் நீரிலிருந்து ஏறியதும், எந்த நீர்க்காகமும் செய்வதுபோல், அந்தக் கிழிந்த குடை போன்ற சிறகை விரித்து வெயிலில் காயவைக்கிறது.

ஃபெர்னாண்டினாவில் வெளியிலிருந்து வந்த பாலூட்டிகள் எதுவும் நிலைகொள்ளவில்லை. புன்டா எஸ்பினோசா முனையில் கருங்குழம்பு உறைந்த பாறைமேல் கடல் இகுவானாக்கள் ஒன்றன்மேல் ஒன்றாய்க் குவிந்து வெயில் காய்ந்து, மூக்கிலிருந்து உப்பு நீரைச் சீறித் தெளிக்கும். அற்றுப்போனதாக நெடுங்காலம் எண்ணப்பட்ட ஃபெர்னாண்டினா பேராமை இனத்தின் பெண் ஆமை ஒன்று 2019இல் இத்தீவில்தான் கண்டுபிடிக்கப்பட்டது. எரிமலை இன்னும் உயிரோடு இருக்கிறது. 2024 மார்ச்சில் வெடித்தது.

வடக்கே தொலைவில் உள்ள டார்வின், வுல்ஃப் தீவுகளுக்கு ஆழ்கடல் முக்குளிப்போருக்கான கப்பல்கள் மட்டும் செல்கின்றன. கொம்பன் சுறாக் கூட்டங்களும் திமிங்கலச் சுறாக்களும் அங்கே ஈர்ப்பு. டார்வின் தீவருகே கடலில் நின்ற இயற்கைப் பாறை வளைவு 2021 மே மாதத்தில் இடிந்து விழுந்தது.

விதிகளும் காவலும்

1959இல் அமைந்த தேசியப் பூங்கா, தீவுகளின் நிலப்பரப்பில் 97 விழுக்காட்டை உள்ளடக்கியது. யுனெஸ்கோ 1978இல் முதன்முதலாக வெளியிட்ட உலகப் பாரம்பரியப் பட்டியலில் கலாபகோஸ் இடம்பெற்றது. சுற்றியுள்ள கடலில் ஏறத்தாழ 1,33,000 சதுர கிலோமீட்டர் 1998இல் காப்பகமாக்கப்பட்டது. 2022இல் மேலும் 60,000 சதுர கிலோமீட்டர் எர்மன்டாட் காப்பகமாகச் சேர்ந்தது.

பயணிக்கு விதிகள் எளியவை, ஆனால் விலக்கற்றவை. பூங்காவின் உரிமம் பெற்ற வழிகாட்டி இல்லாமல் கரையிறங்க முடியாது. குறித்த பாதையை விட்டு விலகக் கூடாது. விலங்கிடமிருந்து இரண்டு மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். ஒளிவீச்சுப் படமெடுப்புக்கு அனுமதியில்லை. கல், சிப்பி, மணல் எதையும் எடுத்து வரக் கூடாது. பூபி பாதையின் நடுவிலேயே முட்டையிட்டிருந்தால், சுற்றிப் போக வேண்டியவர் மனிதர். 2012 முதல், ஒரு கப்பல் அதே கரையிறங்குமிடத்துக்கு இரண்டு வாரத்துக்குள் திரும்பக் கூடாது என்பதும் நடைமுறை. எந்த நாளில் எந்தக் கப்பல் எங்கே நிற்கும் என்பதைப் பூங்காவே வகுக்கிறது. ஒரு கடற்கரையில் நூறு பேர் முட்டி மோதாமல் பதினாறு பேர் அமைதியாக நிற்க முடிவது இந்த அட்டவணையால்தான்.

இத்தனை கண்டிப்புக்குப் பின்னால் கசப்பான வரலாறு இருக்கிறது. திமிங்கல வேட்டைக் கப்பல்கள் உணவும் நீருமின்றிப் பல மாதம் உயிரோடிருக்கும் பேராமைகளைக் கப்பலடியில் அடுக்கிக் கொண்டுபோயின; அப்படிப் போனவை ஒரு லட்சத்துக்கு மேல் இருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். மனிதர் விட்டுச்சென்ற ஆடுகள் தாவரங்களை மொட்டையடித்தன. 1997 முதல் 2006 வரை நடந்த இசபெலா திட்டத்தில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட ஆடுகளை அகற்ற வேண்டியிருந்தது. பிண்டா தீவின் கடைசி ஆமையான ‘தனித்த ஜார்ஜ்’ 2012 ஜூன் 24 அன்று இறந்தது. அதோடு ஓர் இனம் முடிந்தது. எஸ்பான்யோலாவின் கதை வேறுவிதம். எஞ்சியிருந்த 14 ஆமைகளோடு அமெரிக்காவின் சான் டியேகோ விலங்குக்காட்சிசாலையிலிருந்து வந்த ‘டியேகோ’வையும் சேர்த்து வளர்த்ததில், தீவில் இன்று ஏறத்தாழ இரண்டாயிரம் ஆமைகள் திரிகின்றன.

எனவேதான் பரிசோதனை விமானம் ஏறுமுன்பே தொடங்கிவிடுகிறது. கீட்டோ அல்லது குவாயாக்கில் நிலையத்தில் பயணப் பைகளைச் சோதித்து முத்திரையிடுவார்கள். பழம், விதை, மண் ஒட்டிய காலணி ஆகியவை நிறுத்தப்படும். வெளிநாட்டார் பூங்காவுக்குச் செலுத்தும் நுழைவுக் கட்டணம் 2024 ஆகஸ்டில் 100 டாலரிலிருந்து 200 டாலராக உயர்ந்தது. சிறுவர்களுக்கு 100 டாலர்.

கப்பல்களின் மொத்தப் படுக்கைகளுக்கு உச்சவரம்பு உண்டு. ஊர்களில் உள்ள விடுதிகளின் வளர்ச்சி அவ்வளவு கட்டுக்குள் இருக்கவில்லை. ஆண்டுக்கு மூன்று லட்சத்தைத் தொட்டுவிட்ட பயணிகளில் பெரும்பாலானோர் இப்போது புவெர்ட்டோ அயோரா போன்ற ஊர்களில் தங்கி, விரைவுப் படகில் பகல் சுற்று போகிறவர்களே. செலவு குறைவு, உள்ளூர்க் குடும்பங்களுக்கு நேரடி வருமானம் என்பவை அதன் நியாயமான நன்மைகள். ஆனால் குடிநீர், கழிவு, கண்டத்திலிருந்து வரும் சரக்கு, அச்சரக்கோடு வரும் பூச்சிகள் என்று தீவுகளின் மேல் விழும் சுமை அந்தப் பக்கம்தான் கூடுகிறது. ஹெனோவேசாவும் ஃபெர்னாண்டினாவும் பெரும்பாலும் இரவில் பயணிக்கும் கப்பல்களுக்கே எட்டும் தொலைவில் இருக்கின்றன என்பதில் ஆறுதல் கொள்ளலாம்.

பருவமும் வழித்தடமும்

ஜனவரி முதல் மே வரை கடல் வெதுவெதுப்பாகவும் அமைதியாகவும் இருக்கும். அவ்வப்போது மழை பெய்து பச்சை தழைக்கும். நீந்த விரும்புவோருக்கும் முதன்முறை கப்பலேறுவோருக்கும் இக்காலம் ஏற்றது. ஜூன் முதல் டிசம்பர் வரை ஹம்போல்ட் நீரோட்டத்தின் குளிர் மேலோங்கும், மேட்டுநிலங்களில் காரூவா என்னும் மென்தூறல் தொடரும், அலையும் உயரும். ஆனால் இரை மிகுவதால் கடற்பறவைகளும் பென்குயின்களும் சுறுசுறுப்பாக இயங்கும் காலம் இதுவே. எல் நினோ ஆண்டுகளில் இந்த ஒழுங்கு குலைகிறது. 1982–83இல் கடல் சூடேறி மீன் விலகியதில் பென்குயின்களின் எண்ணிக்கை முக்கால் பங்குக்கு மேல் சரிந்தது.

எட்டு நாளில் எல்லாத் தீவுகளையும் தொட முடியாது. கிழக்கும் வடக்கும் அடங்கிய வழித்தடம் அல்பட்ராஸையும் பூபிக் குடியிருப்புகளையும் காட்டும். மேற்கு வழித்தடம் பென்குயினையும் பறக்காத நீர்க்காகத்தையும் இளம் எரிமலைகளையும் காட்டும். நான்கு நாள் பயணங்களில், விமானத்தில் வந்து சேரும் நாளும் திரும்பும் நாளும் கழிந்தால் முழுதாகக் கிடைப்பது இரண்டே நாள். பணமும் விடுப்பும் அனுமதித்தால் எட்டு நாளைத் தேர்வதே தகும். 2023 செப்டம்பரில் பறவைக் காய்ச்சல் கண்டறியப்பட்டபோது பூங்கா நிர்வாகம் சில இடங்களை மூடி, கப்பல்களை வேறு கரைகளுக்குத் திருப்பியது. எரிமலை, அலை, நோய் ஆகிய எதன் பொருட்டும் வழித்தடம் இடையில் மாறலாம் என்பதைப் பயண ஒப்பந்தங்களிலேயே எழுதிவிடுகிறார்கள்.