துண்டு

துணித்தல் என்றால் வெட்டுதல். அதோடு உறவுடைய துண்டு, சிறு சீட்டுக்கும் பெயரானது. இரத்தினபுரி, கேகாலை உட்பட இலங்கைத் தோட்டப் பகுதிகளில் அது ஒரு காலத்தில் கடன் சீட்டு. தொழிலாளியின் பாக்கி அதில் எழுதியிருக்கும். அந்தப் பாக்கியைக் கட்டும் தோட்டமே ஆளை எடுக்க முடிந்தது. 1921ஆம் ஆண்டுச் சட்டம் இந்த முறையை ஒழித்தது. 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த கடன் தகவல் பணியகத்தின் 'கிறிப்' அறிக்கையும் துண்டுதானே என்று கேட்கலாம். இல்லை. துண்டு சொன்னது பாக்கியை மட்டும். கிறிப்பில் ஒழுங்காகக் கட்டிய தவணையும் பதிவாகிறது, உரியவரே கேட்டு வாங்கிப் பார்க்கலாம்.

கடனே வேண்டாம் என்னும் பெரியவர்களின் அச்சம் நியாயமானதே. ஆனால் கடைக் கொப்பியில் மாதாமாதம் தீர்த்த கணக்கு வங்கிக்குத் தெரியாது. முதல் சம்பளம் வாங்கும் பிள்ளைகள் தாங்கக்கூடிய சிறு கடனை எடுத்துத் தவணை தவறாமல் கட்டினால் பதிவு பிறக்கும். பிணைக் கையெழுத்தில்தான் கவனம் வேண்டும். அதுவும் அறிக்கையில் ஏறும்.