கட்டணச் சீட்டும் மகனின் கணக்கும்

போன ஞாயிற்றுக்கிழமை மகனும் மருமகளும் திருவொற்றியூரிலிருந்து அத்திப்பட்டுக்கு வந்திருந்தார்கள். சாப்பாடு முடிந்ததும் மகன் ஒரு தாளை என் முன்னால் வைத்தான். மூத்தவனுக்கு ஒன்றாம் வகுப்பு, சின்னவளுக்கு எல்.கே.ஜி. இருவருக்கும் வேன், புத்தகம் எல்லாம் சேர்த்து வருடத்துக்கு 4 லட்சம்.

"எங்களால முடியுமாப்பா?" என்றான். இருவர் சம்பளமும் சேர்ந்து கைக்கு வருவது மாதம் 1,90,000. என் சர்வீஸில் நான் நினைத்தும் பார்க்காத தொகை.

எனக்குப் பழைய நினைவு வந்தது. 1994-ல் வடசென்னை அனல்மின் நிலையத்தின் முதல் யூனிட் ஓடத் தொடங்கிய சமயம், இவனை மெட்ரிகுலேஷன் பள்ளியில் சேர்த்தேன். கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கத்தில் கடன் வாங்கித்தான் கட்டினேன். அன்று பள்ளி சொன்னதுதான் கட்டணம். ஏன் என்று கேட்க ஆளில்லை.

2002-ல் டி.எம்.ஏ. பாய் வழக்கில் உச்ச நீதிமன்றம், அரசு உதவி பெறாத கல்வி நிலையங்கள் தாங்களே கட்டணம் வைத்துக்கொள்ளலாம், ஆனால் கொள்ளை லாபமும் கேபிடேஷன் கட்டணமும் கூடாது என்றது. 2009-ல் தமிழ்நாடு அரசு கட்டண ஒழுங்குமுறைச் சட்டம் கொண்டுவந்தது. நீதிபதி கோவிந்தராஜன் குழு 2010-ல் பள்ளி வாரியாகக் கட்டணம் நிர்ணயித்தது. ஆயிரக்கணக்கான பள்ளிகள் மேல்முறையீட்டுக்குப் போயின. அவர் விலகியபின் நீதிபதி ரவிராஜ பாண்டியன் பொறுப்பேற்றார்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். குழு பார்ப்பது பள்ளியின் இடம், வசதி, செலவு, நியாயமான உபரி. பெற்றோரின் பையை அது பார்ப்பதில்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடமும் நலிந்த பிரிவினருக்குத்தான். நல்ல சம்பளக்காரன் தன் கணக்கைத் தானேதான் போட வேண்டும்.

போட்டோம். வீட்டுக்கடன் 72,000. கார் தவணை 18,000. வீட்டுச் செலவு 45,000. பெரியவர்கள் மருத்துவம், காப்பீடு 15,000. மீதி 40,000. பள்ளிக்கு மாதம் 33,000 போனால் கையில் 7,000.

"அப்போ முடியுமே!" என்றான்.

"இன்னைக்கு முடியும். வருஷம் 10 சதவீதம் ஏறினா ஏழெட்டு வருஷத்துல இரட்டிப்பு. எல்.கே.ஜி.யிலிருந்து பிளஸ் டூ வரை 14 வருஷம்டா. நடுவுல ஒருத்தர் வேலை போனா?" என்றேன்.

மருமகள்தான் முதலில் பேசினாள். "இத்தனை பெரிய பள்ளியில சேர்த்துட்டு பாதியில மாத்தினா பிள்ளைங்க மனசு உடைஞ்சிடும் மாமா."

வீட்டுக்குப் பக்கத்திலேயே பாதிக் கட்டணத்தில் ஒரு பள்ளி இருக்கிறது. அங்கே சேர்ப்பதென்று முடிவானது. மிச்சத்தில் ஒரு பகுதி பிள்ளைகளின் கல்லூரிக்கென்று தனியாகச் சேமிப்பு. மகன் முகத்தில் கொஞ்சம் வருத்தம் இருக்கத்தான் செய்தது. அப்பன் கடன் வாங்கிப் படிக்க வைத்தானே, நாம் குறைக்கிறோமே என்று நினைத்திருப்பான். அந்தக் கடனை அடைக்க நான் எத்தனை நாள் இரவு ஷிப்டில் ஓவர்டைம் பார்த்தேன் என்று அவனிடம் அதுவரை சொன்னதில்லை. அன்றுதான் சொன்னேன்.